சூப்பியும் பிள்ளையின் பல்லும்

(ஊர் திரும்பும் குடும்பங்களுக்காக ஓட்டமாவடியில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூரைக்குத் தகரம், கிணறு இறைப்பு, பங்கீட்டு அட்டை என்று உங்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும். இதற்குள் சூப்பியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். காரணம் உங்கள் மடியிலேயே இருக்கிறது. இங்கே இருக்கும் சில பிள்ளைகளின் மேல் முன்பற்கள் கபில நிறமாகிக் கரைந்து போயிருக்கின்றன. இரண்டு வயதுகூட ஆகவில்லை.

முகாமில் ஒரே கொட்டகைக்குள் பல குடும்பங்கள். இரவில் பிள்ளை அழுதால் பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கும் தூக்கமில்லை. சூப்பியை வாயில் வைத்தீர்கள். பிள்ளை துப்பினால் சீனியிலோ டின்பாலிலோ தொட்டு வைத்தீர்கள். வேறு வழி இருக்கவில்லை. அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது வீட்டுக்குப் போகிறீர்கள். முகாமுக்கென்று வந்த பழக்கம் வீட்டுக்கும் கூட வரவேண்டியதில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பல்லைச் சூத்தையாக்குவது இறப்பர் அல்ல, அதில் தொட்ட இனிப்பு. வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பான அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பல்லைக் கரைக்கும். பகலில் எச்சில் ஊறி அதைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் குறைவு, அதனால் இனிப்பு மேல் முன்பல்லோடு இரவு முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ் முன்பல்லை நாக்கு மூடிக் காப்பதால், பெரும்பாலும் மேற்பல்தான் முதலில் கெடும். மாப்பால் போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்க விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

ஆகவே சீனி, டின்பால், குளுக்கோஸ், கற்கண்டுத் தண்ணி எதுவும் இன்றிரவிலிருந்து சூப்பியில் வேண்டாம். தேனும் வேண்டாம். காட்டுத்தேன் மருந்து என்பார்கள், பெரியவர்களுக்குச் சரி. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம்.

“விழப்போகிற பல்தானே” என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. முன்பாற்பல் விழ ஆறேழு வயதாகும், கடைவாய்ப் பாற்பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அவ்வளவு காலமும் பிள்ளை சோறு மெல்ல வேண்டும். பல் வலித்தால் பிள்ளை சாப்பிடாது. கிளினிக் கார்ட்டில் நிறைக்கோடு கீழே இறங்கும். பாற்பல் நேரத்துக்கு முன் போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடமில்லாமலும் போகும்.

இனி சூப்பி. இனிப்பில்லாமல் கொடுத்தாலும், வருடக்கணக்கில் சூப்பினால் முன்பற்கள் வெளியே தள்ளி, மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். இரண்டு, மூன்று வயதுக்குள் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஆனால் ஊருக்குப் போய் இறங்கிய அன்றே பறிக்காதீர்கள். இடம் புதிது, இருட்டுப் புதிது; சத்தங்களைக் கேட்டுப் பயந்த பிள்ளை. படுக்கும் இடம் பழகட்டும். பிறகு முதலில் பகலில் நிறுத்துங்கள், அதன் பின் இரவில். ஏணையில் போட்டு ஆட்டுங்கள், ஓராட்டுப் பாடுங்கள், முதுகைத் தடவுங்கள். வேப்பெண்ணெய், மிளகாய்த்தூள் பூசுவது வேண்டவே வேண்டாம். அப்படி மிரட்டிப் பறித்தால் பிள்ளை விரலைச் சூப்பத் தொடங்கும். விரலை எங்கே ஒளிப்பீர்கள்?

தாய்ப்பால் குடிக்கும் சின்னக் குழந்தைக்குச் சூப்பியே தேவையில்லை. அழுதால் முதலில் மார்பில் போடுங்கள். பசியைச் சூப்பியால் அடக்கினால் பால் சுரப்பதும் குறையும்.

நிறுத்தும் வரை சுத்தம் முக்கியம். வெறுமையாகக் கிடந்த கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டாலும், சூப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் அவித்தே கொடுங்கள். கீழே விழுந்ததை உங்கள் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டாம். உங்கள் பல்லிலுள்ள சூத்தைக் கிருமி பிள்ளைக்குப் போய்விடும். கழுத்தில் நூலில் கட்டித் தொங்கவிடுவது கழுத்தை இறுக்கும். இறப்பர் வெடித்திருந்தால் எறிந்துவிடுங்கள், துண்டு தொண்டையில் சிக்கலாம்.

பல் முளைத்த நாளிலிருந்து துலக்க வேண்டும். மெல்லிய பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு புளோரைட் பற்பசை, காலையிலும் படுக்க முன்பும். சாம்பல், கரி, உமிக்கரி வேண்டாம், அவை பல்லைத் தேய்க்கும். தாய் வெளிநாட்டில் இருந்தால் துலக்கும் வேலை உம்மம்மாவினது, அம்மம்மாவினது. வாப்பாமாரும் அப்பாமாரும் செய்தால் கை தேயாது.

மாதம் ஒருமுறை பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக இருந்தால் அது சூத்தையின் தொடக்கம். அந்த நிலையில் இனிப்பை நிறுத்தித் துலக்கினால் தடுக்கலாம். கபிலமாகிவிட்டாலோ, முரசில் சீழ்க்கட்டி தெரிந்தாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் வாழைச்சேனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அரச வைத்தியசாலையில் காசு கேட்க மாட்டார்கள். 9 மாதத் தடுப்பூசிக்கும் 18 மாதத் தடுப்பூசிக்கும் கிளினிக்குக்குப் போகும்போது, பிள்ளையின் வாயையும் பார்க்கச் சொல்லி மருத்துவமாதுவிடம் நீங்களே கேளுங்கள். கார்ட் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். புதிதாக எழுதித் தருவார்.