ஓடுபாதையில் இரண்டு நிமிடங்கள்



தோட்டத்து லயத்தில் தீப்பிடித்தால் நாம் என்ன செய்வோம்? வாளியும் குடமுமாக எல்லாரும் ஓடி வருவோம். பட்டணத்திலுள்ள பொம்பாவுக்குத் தகவல் சொல்வோம். செம்மண் சாலையைக் கடந்து அவர்களுடைய வண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும். விமான நிலையத்தில் அந்தக் கொஞ்ச நேரம்கூடக் கிடையாது. அங்கே தீயணைப்பு வண்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை இன்று பார்ப்போம். நம் பிள்ளைகள் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் விமானம் ஏறுகிற காலம் இது. ஆகவே, இது நமக்கும் வேண்டிய செய்திதான்.

முதலில் விமானத்தில் எரிவது எதுவென்று பார்ப்போம். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அரிக்கேன் விளக்கில் ஊற்றினோமே, அதன் உறவுதான். விளக்கில் அரைப் போத்தல் ஊற்றினோம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு 2007 முதல் வந்து போகும் ஏ-380 என்னும் இரண்டடுக்கு விமானமோ சுமார் 3,20,000 லிட்டர் கொள்ளும். அத்தனை எண்ணெய்க்குப் பக்கத்தில் நானூறு, ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆபத்தை எண்ணித்தான் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒரு விதி வகுத்திருக்கிறது. அழைப்பு வந்ததிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் முதல் வண்டி போய்ச் சேர்ந்து நுரையைப் பீய்ச்ச வேண்டும். இரண்டே நிமிடத்தில் போய்விடுவதை இலக்காகக் கொள்ள வேண்டும். மிகப் பெரிய விமானங்கள் இறங்கும் நிலையமானால் இத்தகைய வண்டிகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

இந்த அவசரத்துக்கு ஏற்றபடியே வண்டியும் செய்யப்பட்டிருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி மழைக்காலச் சேற்றில் சிக்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் பின்சக்கரங்கள் மட்டும் சுற்றும். முன்சக்கரங்கள் சும்மா கிடக்கும். விமான நிலைய வண்டியில் ஆறு சக்கரமானாலும் எட்டுச் சக்கரமானாலும் எல்லாவற்றையும் இயந்திரமே சுழற்றுகிறது. விமானம் பாதையை விட்டு விலகிப் புல்தரையில் நின்றாலும் வண்டி அங்கே போய்விடும். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டே மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சாலையில் ஓடும் பொம்பா வண்டி நின்ற பிறகுதான் குழாயை விரிக்கும். இந்த வண்டியோ ஓடிக்கொண்டே கூரையிலுள்ள பீரங்கி போன்ற குழாயால் நுரையைப் பொழியும். ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்க வேண்டியதில்லை.

ஏன் நுரை? தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அடியில் போய்விடும். எண்ணெய் மேலே மிதந்து எரிந்துகொண்டே பரவும். நுரை அப்படியல்ல. அது எண்ணெயின் மேல் போர்வைபோல் படிந்து காற்றுப் படாமல் மூடிவிடும். எண்ணெய் ஆவி மேலே எழும்பாமலும் தடுக்கும். நெடுங்காலம் பயன்பட்ட ஒருவகை நுரையிலுள்ள இரசாயனம் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவது தெரிய வந்ததால், பல நாடுகளில் அது இல்லாத நுரைக்கு மாறி வருகிறார்கள்.

இதில் நம் அடுப்படிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. குவாலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் குவாலியை மூடிவிட வேண்டும். குவாலியையும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. விமானத்துக்கு நுரை எதுவோ, குவாலிக்கு மூடி அதுவே.

நேயர்களே, இந்த வண்டிகள் விமானத்தைக் காப்பாற்றவா ஓடுகின்றன? கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய விமானம் எரிந்து போனாலும் போகட்டும். உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியேற வழியும் நேரமும் கிடைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. ஆகவே, மக்கள் இறங்கும் பக்கத்தில் தீயை முதலில் அடக்குகிறார்கள்.

1985 ஆகஸ்டு 22 ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு விமானம் புறப்படும்போதே தீப்பற்றியது. தீயணைப்பு வண்டி விரைந்து வந்தது. இருந்தும், அதிலிருந்த 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று. புகையும் நச்சுக் காற்றுமே. வழி நெருக்கடியானதால் பலரால் கதவை எட்ட முடியவில்லை. வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் உள்ளே இருப்பவர்கள் விரைந்து வெளியேற முடியாவிட்டால் பயனில்லை என்பதை அந்த நாள் உலகுக்குக் காட்டியது.

சாங்கியில் 2016 ஜூன் 27 ஆம் நாள் அதிகாலையில் நடந்தது வேறு விதம். மிலான் நகருக்குப் புறப்பட்ட விமானம் இயந்திரக் கோளாற்றால் வழியிலேயே திரும்பி வந்து இறங்கியது. இறங்கியதும் வலது இறக்கையில் தீ மூண்டது. உள்ளே 241 பேர். சன்னலுக்கு வெளியே நெருப்பு தெரிந்தால் யாருக்குத்தான் மனம் பதறாது? ஆனால், காத்திருந்த வண்டிகள் உடனே நுரையைப் பொழிந்து தீயை அணைத்தன. விமானி தீயணைப்புத் தலைவரோடு வானொலியில் பேசி நிலைமையை அறிந்துகொண்டார். பயணிகள் உள்ளேயே இருந்து, பிறகு படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

2024 ஜனவரி 2 ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதின. சிறிய கடலோரக் காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டது பெருந்துயரம். பெரிய விமானம் முற்றாக எரிந்தது. அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பைகளை விட்டுவிட்டுப் பணியாளர் சொற்படி இறங்கியது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

இந்த மூன்று நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்வது என்ன? சில வேளை இருக்கையிலேயே இருக்க வேண்டும். சில வேளை உடனே இறங்க வேண்டும். எது வேண்டும் என்பது விமானிக்கும் பணியாளருக்கும் தெரியும். நமக்கு வெளியே நடப்பது முழுதும் தெரியாது. ஆகவே, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பயணம் போகும் மகனுக்கோ மகளுக்கோ வீட்டிலேயே இதைச் சொல்லி அனுப்புவோம்: "ஏறியதும் பக்கத்துக் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள். இறங்கச் சொன்னால் பையை எடுக்காதே. புகை வந்தால் குனிந்து போ."

தீயணைப்பு வீரர்கள் இரவும் பகலும் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். பழைய விமானக்கூட்டை வைத்துத் தீமூட்டிப் பயிற்சி செய்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அழைப்பு வருவதில்லை. வராத நாளெல்லாம் நல்ல நாளே. வருகிற நாளில் அவர்கள் நமக்குச் சில நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள். அதைப் பையைத் தேடுவதில் செலவழித்துவிடக் கூடாது.