மலிவான பழைய கார்: வாங்கலாமா, விடலாமா?

பலெர்மோ வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கான தகவற் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



நம்மவர் பலருடைய வேலை, பேருந்து ஓடத் தொடங்குமுன் ஆரம்பிக்கிறது. அல்லது பேருந்து நின்றபின் முடிகிறது. முதியவரைப் பராமரிக்க விடியற்காலையில் மொண்டெல்லோவுக்கோ பகேரியாவுக்கோ செல்பவருக்கும், உணவகத்தில் வேலை முடித்து நள்ளிரவில் வீடு திரும்புபவருக்கும் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. அது சம்பளத்தைக் காப்பாற்றும் கருவி. அதனாலேயே, "900 யூரோவுக்கு ஒரு பூந்தோ இருக்கிறது, சின்னத் திருத்தவேலைதான்" என்று யாராவது சொன்னால் மனம் அசைந்துவிடுகிறது. அந்தச் சின்னத் திருத்தவேலை எது, அதற்கு யார் பணம் செலுத்துவது என்பவற்றை ஆராய்ந்து முடிவெடுப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச வந்த விடயம்.

விலை ஏன் குறைகிறது?

பாவித்த காரைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. இந்த எளிய உண்மையை வைத்து ஜோர்ஜ் அக்கர்லொஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். குறைபாடுள்ள காரை அமெரிக்கர் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்பர். கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாத வாங்குநர், எல்லாவற்றுக்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரின் உரிமையாளர் விற்க மாட்டார். ஆகவே சந்தையில் கெட்ட கார்களே மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், மலிவான கார் எல்லாம் கெட்டது என்பதன்று. விற்பவருக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்ளும் வரை விலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பதே.

உண்மையான விலையைக் கணக்கிடுதல்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். விற்பவர் கேட்பது 900 யூரோ. உரிமை மாற்றத்திற்கு மாகாணப் பதிவு வரி உண்டு. 53 கிலோவாற் வரையான எஞ்சினுக்கு அதன் அடிப்படைத் தொகை 150.81 யூரோ. அதற்கு மேற்பட்டால் மொத்த வலுவின் ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் ஏறத்தாழ 3.51 யூரோ வீதம் கணக்கிடப்படும். மாகாண நிர்வாகங்கள் இதை நூற்றுக்கு 30 வரை உயர்த்தலாம். பதிவுக் கட்டணங்களும் முத்திரை வரியும் சேர்ந்து இன்னும் ஏறத்தாழ 70 யூரோ. எனவே சிறிய காருக்கே 265 யூரோ வரை ஒதுக்கிவைக்க வேண்டும். முகவர் மூலம் செய்தால் அவருடைய கூலி தனி.

'ரெவிஸியோனே' என்னும் கட்டாயப் பரிசோதனை காலாவதியாகியிருந்தால், தனியார் நிலையத்தில் அதற்கு 79.02 யூரோ. ரயர்களுக்கும் எஞ்சின் பட்டிக்கும் மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீடு 600 யூரோ என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினால் 1,844 யூரோ. இப்போது அதே வகையில் பரிசோதனை செல்லுபடியாகும், பராமரிப்புப் பற்றுச்சீட்டுகள் உள்ள வேறொரு கார் 1,500 யூரோவுக்குக் கிடைத்தால், உரிமை மாற்றத்துடன் 1,765 யூரோவில் முடிந்துவிடும். 900 யூரோ கார் 79 யூரோ கூடிய விலையுடையதாகிவிட்டது. அதோடு திருத்தவேலை முடியும் வரை நாம் நடந்துதான் வேலைக்குச் செல்ல வேண்டும்.

ஆகவே, "900 யூரோவுக்கு இது மலிவா?" என்று கேட்கலாகாது. "1,844 யூரோவுக்கு இக்காரை நான் வாங்குவேனா?" என்றே கேட்க வேண்டும்.

எந்தப் பழுதைப் பொறுக்கலாம்?

காரணம் தெரிந்த, விலை எழுதப்பட்ட பழுது அஞ்சத்தக்கதன்று. தேய்ந்த ரயர், பழைய பற்றரி, பிரேக் கட்டை, ஓட்டையான புகைக்குழாய், கதவின் கீறல் ஆகியவற்றைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்கலாம். ரயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

காரணம் தெரியாத பழுதே ஆபத்தானது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது, குளிர்விக்கும் நீர் காரணமின்றிக் குறைவது, நீல நிறப் புகை, கியர் மாற்றும்போது அடிக்கும் ஓசை, அடிச்சட்டத்தைத் தின்ற துரு, அணையாத ஏர்பாக் விளக்கு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கின் எழுத்து மூல மதிப்பீடு இன்றிக் கைகொடுக்காதீர்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்றுப் பட்ட காரின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பது மிக அவசியம்.

எஞ்சின் பட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல எஞ்சின்களில் உள்ளே ஒரு ரப்பர்ப் பட்டி ஓடுகிறது. அது ஓடிய தூரத்தாலும் தேயும், ஆண்டுகளாலும் மூப்படையும். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினே வீணாகிவிடும். மாற்றிய பற்றுச்சீட்டைக் காட்டாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கணக்கிடுங்கள்.

டீசல் கார் வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நீண்ட ஓட்டத்தின் வெப்பத்திலேயே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பல்லாறோவுக்கும் வீட்டுக்கும் இடையே மட்டும் ஓடும் காரில் அது விரைவில் அடைபடும்.

ஓட்டிப் பார்த்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று பாருங்கள். முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இயங்கியதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லையெனில் யாரோ அதை மறைத்திருக்கலாம். பின்னர் வியாலே ரெஜோனே சிசிலியானாவின் நெரிசலில் சற்று நேரம் நின்று, வெப்பமானியைக் கவனியுங்கள். சாந்தா றோசலியா அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் பெல்லெக்ரினோ மலைப்பாதையை நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது என்று பொருள். இவ்வளவுக்கும் சம்மதிக்காத விற்பனையாளரிடம் விடைபெறுவதே நன்று.

உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுவதற்குச் செலவாகும் தொகை வீண்செலவன்று. பார்ப்பவர் நீங்கள் தெரிந்தெடுத்தவராக இருக்க வேண்டும். விற்பவரின் நண்பராக இருத்தல் ஆகாது.

பத்திரங்கள் பேசும்

காரின் இலக்கத்தகட்டை வைத்து, ஏசிஐ நிறுவனம் நடத்தும் வாகனப் பதிவேட்டில் சில யூரோக்கள் கட்டி 'விசூரா' எடுக்கலாம். உண்மையான உரிமையாளர் யார், கடன் பொறுப்பு உண்டா, 'ஃபேர்மோ அம்மினிஸ்திராத்திவோ' விதிக்கப்பட்டுள்ளதா என்பவை அதில் தெரியும். இந்த ஃபேர்மோ, செலுத்தாத வரிக்காகவும் தண்டப்பணத்துக்காகவும் விதிக்கப்படும் ஓட்டத் தடை. கார் கைமாறினாலும் தடை காரோடேயே வரும். பிறருடைய கடனுக்காக உங்கள் கார் தெருவில் நிற்கும்.

கட்டாயப் பரிசோதனை, புதிய காருக்கு நான்காம் ஆண்டிலும் பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் நடைபெறும். கடைசிப் பரிசோதனையில் பதிவான கிலோமீற்றரை 'போர்த்தாலே தெல்லாவுத்தொமொபிலிஸ்தா' இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாண்டுக்கு முன் 1,60,000 என்று பதிவான கார் இன்று 1,20,000 காட்டினால், மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: பரிசோதனை பிரேக்கையும் விளக்கையும் புகையையும் அளக்குமேயன்றி, எஞ்சின் பட்டியின் ஆயுளை அளக்காது.

நகர மையத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் செல்ல வேண்டியவர்கள், காரின் யூரோ வகுப்பு அதற்கு ஏற்றதா என்பதையும் வாங்குமுன் விசாரித்தறிக.

சட்டம் எவ்வளவு காக்கும்?

தொழில்முறை வணிகரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டத்தின்படி இரண்டாண்டு உத்தரவாதம் உண்டு. பாவித்த பொருளுக்கு இருதரப்பும் இணங்கி அதைக் குறைக்கலாம். ஆனால் ஓராண்டுக்குக் கீழே கொண்டுவர முடியாது. சிலவேளை வணிகர், பழைய உரிமையாளரே நேரடியாக விற்றதுபோல் பத்திரம் எழுதுவார். அதில் வணிகரின் பெயர் இல்லாவிட்டால், உத்தரவாதத்தைக் கேட்பது கடினமாகிவிடும்.

தனியாளிடம் வாங்கும்போது குடியியற் சட்டக்கோவையே பொருந்தும். மறைந்திருந்த பழுது தெரியவந்த 8 நாள்களுக்குள் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் எழுதுவது பாதுகாப்பானது. வழக்குரிமை, கார் கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்கு மட்டுமே. 'விஸ்தா எ பியாசியூத்தா', அதாவது பார்த்தேன், பிடித்தது என்று கையொப்பமிட்டிருந்தாலும், விற்றவர் வேண்டுமென்றே மறைத்த பழுதுக்கு அவ்வாசகம் அரணாகாது. ஆனால் வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்த பழுதுக்குச் சட்டம் உதவாது. பழுதான காரைத் தெரிந்தே வாங்குபவருக்கு, குறைந்த விலை ஒன்றே ஈடு. ஆதலால் தெரிந்த பழுதுகளை ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதி, "ஏனையவை நல்ல நிலையில் உள்ளன" என்று விற்பவரின் வாக்கையும் எழுத்தில் பெறுங்கள்.

உறவும் கணக்கும்

நம் சமூகத்தில் கார் பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்தே வருகிறது. "அண்ணாவிடம் போய் விசூரா கேட்பதா?" என்று கூச்சப்படுகிறோம். கேளாமல் வாங்கிய கார் மூன்றாம் மாதத்தில் நின்றால், பணத்தோடு உறவும் போகும். நல்ல மனத்தோடு விற்பவர் சோதனையை வரவேற்பார்; அது அவருடைய பெயரையும் காக்கும்.

சாவியை மட்டும் வாங்கி, "பெயரைப் பிறகு மாற்றுவோம்" என்று விடுவது இருவருக்கும் கேடு. தண்டப்பணங்கள் பழைய உரிமையாளர் வீட்டுக்குச் செல்லும். உங்களிடம் உரிமைக்கான சான்று இராது. விற்பவரின் கையொப்பத்தை மாநகரசபை அலுவலகத்திலும் உறுதிப்படுத்தலாம். 2006 முதல் இவ்வசதி உண்டு. எனினும் அத்துடன் வேலை முடிவதில்லை. 60 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிய வேண்டும். வதிவிட அனுமதிப்பத்திரத்தையும், அது புதுப்பிப்பில் இருந்தால் அதற்கான பற்றுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காப்புறுதி இல்லாமல் ஒரு தெருவும் ஓட்டாதீர்கள். தண்டப்பணம் 866 யூரோவில் தொடங்குகிறது. ஒரே குடும்பப் பதிவில் உள்ளவரின் நல்ல காப்புறுதி வகுப்பை நீங்களும் பெறக்கூடும் என்பதால், முதலில் அதை விசாரியுங்கள்.

நிறைவாக, மூன்று நிபந்தனைகள். பழுதின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். திருத்தும் செலவு எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாம் கொடுத்த பின்னும் எதிர்பாராத ஒரு பழுதுக்கான பணம் கையில் மிஞ்ச வேண்டும். மூன்றும் அமைந்தால் பழைய காரை அஞ்சாமல் வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் இன்னும் இரண்டு மாதம் பேருந்தில் செல்வதே சிக்கனம்.