ஏ.ஐ. எழுதித் தரும்; பதில் சொல்லப்போவது நீங்கள்
(கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. இன்றைக்கு அசைன்மெண்ட், செமினார், புராஜெக்ட் என்று எதுவானாலும் முதலில் கை போவது அதுபோன்ற ஒரு செயலிக்குத்தான். "பயன்படுத்தலாமா சார்?" என்று கேட்கிறீர்கள். தாராளமா பயன்படுத்துங்க. எதற்கு, எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் நல்ல விஷயம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவருக்குக் கல்லூரியில் பாடம் திடீரென ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் வீட்டிலும் சொல்லித்தர ஆள் இருக்காது. அப்படிப்பட்டவருக்கு ஏ.ஐ. பெரிய துணை. "திட்டவிலக்கம்னா என்ன? பூக்கடை வியாபாரத்தை வெச்சுத் தமிழ்ல சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரமும் சராசரி விற்பனை நாளுக்கு 1000 ரூபாய்தான். ஆனால் ஒரு வாரம் தினமும் 950, 1050 என்று ஓடியது. இன்னொரு வாரம் ஒரு நாள் 300, மறுநாள் 1700. சராசரி ஒன்று, ஏற்ற இறக்கம் வேறு. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் திட்டவிலக்கம். இப்படி ஒரு விளக்கம் கிடைத்தால் சூத்திரம் தானாகப் புரியும். பத்து முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளாது.

இப்போது எச்சரிக்கை. இது நூலகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்கிற ஆள் இல்லைங்க. படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இருந்தாலும் தவறு வரலாம். தெரியாததையும் தெரிந்த மாதிரியே, தடுமாறாமல் சொல்லும். ஏதாவது ஒரு தலைப்பில் குறள் கேளுங்கள். சில சமயம் 1330 குறளில் எதிலுமே இல்லாத ஒன்றை எண்ணோடு எழுதித் தரும். ஆய்வுக்கட்டுரைப் பட்டியல் கேட்டாலும் அப்படித்தான். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரைதான் உலகத்தில் இருக்காது.

அதனால் ஒரு பழக்கம் வையுங்க: அது சொல்லும் நூலையும் கட்டுரையையும் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இருக்கிறது. இரண்டையும் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்து, காப்பி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஏ.ஐ. புதிதாக எழுதித் தருவதால் இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். ஆனால் வைவாவில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "இந்த வரியைக் கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்பார். அங்கே கைப்பேசி கிடையாது. வேலைக்கான நேர்காணலிலும் இதே கதைதான்.

எனவே முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அதை ஏ.ஐ.யிடம் கொடுத்து, "திருத்தி எழுதாதே, எங்கே வாதம் பலவீனமா இருக்கு, ஆசிரியர் என்ன கேள்வி கேட்பார்னு மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். வரைவுகளை அழிக்காதீங்க. யாராவது சந்தேகப்பட்டால் உங்கள் உழைப்புக்குச் சாட்சி அதுதான். பாடத்துறை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்தியிருந்தால் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அப்படியொரு கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஐந்து நிமிடம் அந்த மாணவரைப் பேச வையுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

ஆதார், மதிப்பெண் பட்டியல், கள ஆய்வில் பிறர் நம்பிச் சொன்ன விவரங்கள் ஆகியவற்றை இந்தச் செயலிகளில் பதிவேற்றாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை அசைன்மெண்டை முடித்துவிட்டதாகச் சொன்னால், "அதுல என்ன எழுதியிருக்க, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால், பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.