மண்ணின் பூர்வீகம் கேட்டுத் துளை போடுவோம்!

(சங்கத்தின் கிடர்பூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, எந்த வேலை கொடுத்தாலும் தலையாட்டும் பழக்கம் வந்துவிட்டது. பழைய ஆலை இருந்த மனையில் மாடி எழுப்புவதற்கு முன், மண் பரிசோதனைக்குத் துளை போடுகிறார்கள். எந்திரத்தைப் பிடிப்பவன் தொழிலாளி. அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று அவனுக்கு யார் சொல்கிறார்கள்?

இங்கிருந்து டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மாஜர்ஹாட் பாலம் தாண்டினால் பெஹாலா. அங்கே பி.என். மித்ரா சந்துப் பக்கம் ஒரு ரசாயன ஆலை, 'பாரீஸ் கிரீன்' என்ற பூச்சிமருந்தைச் செய்தது. அதில் இருப்பது ஆர்சனிக்; நம் ஊரில் பாஷாணம் என்போமே, அதுதான். கழிவு மண்ணில் இறங்கியது. மண்ணிலிருந்து குழாய்க்கிணற்றுக்குப் போனது. அதைப் பற்றி வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது: 17 குடும்பங்களின் 79 பேரில் 53 பேருக்கு நஞ்சின் அறிகுறிகள்! குடித்தது தெளிந்த தண்ணீர்தான், தோழர்களே. பாஷாணத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. தோல் கறுக்கும், உள்ளங்கை தடிக்கும், ஆண்டுகள் போனால் புற்றுநோயும் வரும்.

இப்படிப்பட்ட மண்ணில் துளை போட்டால் என்ன ஆகும்? மேலே புதைந்த நஞ்சு தூசியாகவும் ஆவியாகவும் நம் மூக்கில் ஏறும். துளையை மூடாமல் விட்டால், அதே வழியாக அடியிலுள்ள நல்ல தண்ணீரிலும் இறங்கும். அது அக்கம்பக்கத்துக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்!

என் கதையையும் சொல்கிறேன். ஒரு மனையில் கறுப்பு மண் வந்தது, எண்ணெய் வாடை அடித்தது. "ஓட்டுடா" என்றார் மேஸ்திரி. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டினேன். சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினேன். அன்று எனக்குத் தெரியாது. இன்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

துண்டு ஆவியைத் தடுக்காது. தூசிக்கு ஒரு வடிகட்டி, ஆவிக்கு வேறொரு வடிகட்டி. மண்ணில் இருப்பதைப் பொறுத்து முகமூடி கொடுக்க வேண்டும். கையுறையும் பூட்ஸும் வேண்டும். தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். நிறமோ வாடையோ மாறினால் உடனே எந்திரத்தை நிறுத்த வேண்டும். வாடை இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. காற்றைச் சோதிக்காமல் எந்தக் குழியிலும் இறங்கக் கூடாது. கை கழுவாமல் பீடியும் வேண்டாம், சோறும் வேண்டாம். வேலைத் துணியை அங்கேயே கழற்றி, குளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தோண்டிய மண்ணைச் சந்துப் பள்ளத்தில் கொட்ட விடக்கூடாது. வேலை முடிந்ததும் துளையை அடிவரை சிமெண்டுக் குழம்பால் அடைக்க வேண்டும்.

தாய்மார்களே! வேலைத் துணி வீட்டுக்கு வந்தால், "ஏன் வந்தது?" என்று கேளுங்கள். குழந்தைகளின் துணியோடு அதைத் துவைக்காதீர்கள்.

முகமூடி கொடுப்பது காண்டிராக்டரின் தயவு அல்ல, கடமை. ஒருவன் கேட்டால் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் முகமூடி வரும். "இந்த மனையில் முன்பு என்ன ஆலை இருந்தது? மண்ணைச் சோதித்த காகிதம் எங்கே?" நாளைக் காலை வேலைக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இது.

கேட்காமல் துளை போடாதே! கழுவாமல் வீடு திரும்பாதே! அடைக்காமல் துளையை விடாதே!