உயரமும் எரிபொருளும்

ஹெலிகொப்டரைச் செலுத்தும் விமானியின் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு நூல் இருக்கும். அந்த ஊர்தியை ஆக்கிய நிறுவனத்தார் எழுதி, அரசாங்கத்தின் வான்போக்குவரத்து அதிகாரிகள் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட கைந்நூல் அது. அதிலே 'எல்லைகள்' என்றொரு பகுதி உண்டு. மற்றப் பகுதிகளில் வருவன பெரும்பாலும் அறிவுரைகள். இந்தப் பகுதியில் வருவனவோ கட்டளைகள். இந்த எல்லைகளை மீறிப் பறப்பதை நாடுகள் பலவற்றின் வான்போக்குவரத்துச் சட்டங்கள் குற்றமென்றே கொள்கின்றன.

அக்கட்டளைகளுள் இரண்டைப் பற்றியே இங்கு கூறப்படுகின்றது. எந்த எரிபொருளைத் தாங்கியில் ஊற்றலாம் என்பது ஒன்று. எவ்வளவு உயரத்திற்குப் போகலாம் என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும். ஒன்று தரையிலே எண்ணெய் ஊற்றுபவனின் வேலை, மற்றது வானிலே விமானியின் வேலை என்று எண்ணிவிடத் தோன்றும். ஆனால் இவ்விரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள் போன்றவை. ஒன்றை நெகிழவிட்டால் மற்றது தாங்காது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். ஹெலிகொப்டரின் தலைமேற் சுழலும் அலகுகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அந்தத் தள்ளுதலின் எதிர்விசையே ஊர்தியை மேலே தாங்குகின்றது. மேலே போகப் போகக் காற்று ஐதாகின்றது. 18,000 அடி உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. அலகுகள் பற்றித் தள்ளுவதற்குக் காற்றுக் குறைவு. எஞ்சின் மூச்சுவிடுவதற்கும் காற்றுக் குறைவு. ஆகவே வலு தேவைப்படும் இடத்திலேயே வலு குன்றுகின்றது. ஓடிக்கொண்டே தரையிறங்கும் விமானத்திற்கு இக்குறை ஓரளவே துன்பம் தரும். ஓரிடத்தில் அசையாது மிதந்து நிற்பதையே தன் தொழிலாகக் கொண்ட ஹெலிகொப்டருக்கோ இது பெருந்துன்பம். ஏனெனில் மிதந்து நிற்பதற்கே மிகுந்த வலு வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கைந்நூல் கூறும் உயரம் எப்போதும் அளவுகோலால் அளந்த உயரமாக இருப்பதில்லை. காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணிக்கும் உயரமும் உண்டு. வெப்பமான காற்று விரிந்து ஐதாகும். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரமுள்ள ஒரு மேட்டு வெளியை எடுத்துக்கொள்வோம். அங்கே பொதுவாக எதிர்பார்க்கப்படும் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ். கோடைகால நண்பகலில் அது 30 பாகைக்கு ஏறினால், அந்தக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக் காற்றின் அடர்த்திக்குச் சமமாகிவிடும். விமானி தரையில்தான் நிற்கிறார். ஆனால் அவருடைய எஞ்சினும் அலகுகளும் 3,000 அடி மேலே ஏறிவிட்டன! காலையில் நால்வரை ஏற்றிக்கொண்டு எளிதாகக் கிளம்பிய அதே ஊர்தி, பகலில் மூவரோடு எழ மறுப்பது இதனாலேயே.

இனி எடைக்கு வருவோம். ஜெற் எரிபொருள் என்று வழங்குவது நன்கு தூய்மையாக்கப்பட்ட ஒருவகை மண்ணெண்ணெய். அதில் 100 லீற்றர் ஏறக்குறைய 80 கிலோகிராம் நிறுக்கும். அதாவது ஒரு மனிதனின் எடை. மலையிலே வேலை செய்யும் விமானி எரிபொருளை லீற்றரில் எண்ணுவதிலும் மனிதரில் எண்ணுவதே பொருத்தம். நூறு லீற்றர் அதிகமாக ஏற்றிச் சென்றால், மேலே காத்திருப்பவரில் ஒருவரை விட்டுவிட்டு வரவேண்டும். நூறு லீற்றர் குறைத்துச் சென்றாலோ, மேகம் மூடி வழி அடைபட்டால் வேறிடம் தேடிப் பறக்க எரிபொருள் இராது. அமெரிக்க விதிகளின்படி, நல்ல ஒளியில் கண்ணாற் பார்த்துப் பறக்கும் ஹெலிகொப்டர் சேருமிடத்தை அடைந்த பின்னும் 20 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருளுடன் புறப்படவேண்டும். சமவெளியில் அது எளிய விதி. பனிமலையிலே அந்த இருபது நிமிடத்திற்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலை என்னவென்பது 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் மலையிலே தெரிந்தது. மே 10ஆம் திகதி சிகரத்தை நோக்கிச் சென்ற பல குழுவினரைப் பெரும் பனிப்புயலொன்று பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் மாண்டனர். இறந்துவிட்டார் என்று கைவிடப்பட்ட அமெரிக்க வைத்தியர் பெக் வெதர்ஸ் தாமாகவே எழுந்து முகாமுக்கு நடந்து வந்தார். தைவான் நாட்டவரான மக்காலு காவ் என்பவரும் உயிரோடிருந்தார். இருவருக்கும் கைகால்கள் பனியால் உறைந்து கருகியிருந்தன. தோழர்கள் அவர்களை ஒருவாறு கீழே கொண்டுவந்தனர். ஆனால் அதற்குக் கீழே இருந்ததோ கும்பு பனிவீழ்ச்சி. வெடித்துப் பிளந்து இடைவிடாது நகரும் பனிப்பாறைகளின் ஊடே, ஏணிகளில் ஏறியிறங்கி, நடக்கமாட்டாதவர்களைக் கொண்டுசெல்வது எவ்வாறு?

நேபாள இராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ற் கேணல் மதன் கத்ரி சேத்திரி மே 13ஆம் திகதி ஒரு சிறு ஹெலிகொப்டரில் மேலே வந்தார். பனிவீழ்ச்சிக்கு மேலே ஏறக்குறைய 6,000 மீற்றர், அஃதாவது 20,000 அடிக்குச் சற்றே குறைந்த உயரம். அத்தகைய ஊர்தி அங்கே வந்திறங்குவது எவரும் எதிர்பார்க்கக்கூடிய காரியமன்று. வெண்பனியில் இறங்குமிடம் கண்ணுக்குத் தெரியாதாகையால், கீழே நின்றவர்கள் சிவப்பு நிறப் பானத்தைப் பனியின்மேல் ஊற்றிக் குறியிட்டிருந்தனர். காற்றின் திசையைக் காட்டத் துணியொன்றையும் கட்டியிருந்தனர்.

விமானி ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றார். இருவர் கிடந்தனர், இடமோ ஒருவருக்கு. கால்கள் உறைந்து அறவே நடக்கவியலாதிருந்த மக்காலு காவ் முதலில் ஏற்றப்பட்டார். வெதர்ஸ் அங்கேயே நின்று ஊர்தி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் திரண்டால் அது திரும்பிவரும் என்பதற்கு எவ்வித உறுதியுமில்லை. அது திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் அதே உயரத்தில் இறங்கி அவரையும் ஏற்றிச்சென்றது. பின்னர் அவர் ஒரு கையையும் மறுகையின் விரல்களையும் மூக்கையும் இழந்தார். உயிரை இழக்கவில்லை.

இச்செயலை விதிகளை உதறிய வீரம் என்று புகழ்வார் பலர். அது சரியான புகழன்று. விதிகளை உதறியிருந்தால் அவர் இருவரையும் ஒன்றாக ஏற்ற முயன்றிருப்பார். மூவருமே பனியில் விழுந்திருப்பர். கண்முன்னே உயிருக்கு மன்றாடும் ஒருவரை விட்டுவிட்டுப் போக அவரைத் தூண்டியது, எடைக்கும் உயரத்திற்கும் உரிய கணக்கை மதித்த மனம். அவருடைய துணிவு எவ்வளவு பெரியதோ, அந்தக் கணக்கும் அவ்வளவு பெரியது. 1973ஆம் ஆண்டில் எவரெஸ்டுக்கு ஹெலிகொப்டர்களுடன் வந்த இத்தாலியக் குழு, அவற்றுள் ஒன்றை மலையிலேயே இழந்திருந்தது என்பதையும் நினைவுகொள்ளலாம்.

2005ஆம் ஆண்டு மே 14ஆம் திகதி பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் எவரெஸ்டின் உச்சியிலேயே ஊர்தியை இறக்கி, மூன்று நிமிடமும் ஐம்பது விநாடியும் நின்றார். உலகம் வியந்தது. ஆனால் அது ஆக்கிய நிறுவனமே தன் ஊர்தியைச் சோதிக்கச் செய்த பரிசோதனை. வேண்டாத எடையெல்லாம் கழற்றப்பட்டு, தனியொருவர் செலுத்திய ஊர்தி. அதனைக் கண்டு கைந்நூலின் எல்லை வெறும் பேச்சென்று எவரும் கொள்ளலாகாது.

இனி எரிபொருளின் வகைக்கு வருவோம். சிறிய ஹெலிகொப்டர்கள் சிலவற்றில் மோட்டார் வண்டியிற்போல உந்துதண்டு எஞ்சின் உண்டு. அவற்றுக்கு வானூர்திப் பெற்றோல் வேண்டும். ஏனையவற்றில் டர்பைன் எஞ்சின். அவற்றுக்கு மண்ணெண்ணெய் வகை வேண்டும். பெற்றோலுக்கு அடையாளமாக நிறம் ஊட்டியிருப்பர். இன்று பெருவழக்கிலுள்ள வகை நீலநிறம். ஜெற் எரிபொருள் நிறமற்றது, அல்லது வைக்கோல் நிறமுடையது. இருந்தும் தவறு நேர்வதுண்டு. பெற்றோல் எஞ்சினுக்கு ஜெற் எரிபொருளை ஊற்றிவிட்டால் ஊர்தி கிளம்ப மறுக்குமென்று நினைக்கலாம். மறுத்தால் நல்லதே! குழாய்களில் எஞ்சியிருக்கும் நல்ல பெற்றோலைக் கொண்டு எஞ்சின் வழக்கம்போல் ஓடும், ஊர்தி மேலெழும், அதன் பின்னரே எஞ்சின் வலுவிழக்கும். தரையிலே தெரியாத பிழை காற்றிலே தெரியும். எரிபொருள் ஊற்றும்போது விமானி அருகே நின்று பார்க்கவேண்டும் என்றும், பறக்குமுன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது வடித்துக் கண்ணாடிக் குவளையில் நோக்கவேண்டும் என்றும் வற்புறுத்துவது இதனாலேயே.

மாறாக, டர்பைன் எஞ்சின்களிற் சிலவற்றுக்கு அவசரவேளையில் பெற்றோல் ஊற்றக் கைந்நூல் இடங்கொடுக்கும். ஆனால் இத்தனை மணி நேரத்திற்கு மட்டுமே என்ற வரம்புடன். பெற்றோலிற் கலந்திருக்கும் ஈயம் டர்பைனின் அலகுகளிற் படிந்து கெடுக்கும். அதனோடு உயரத்தின் வரம்பும் சேர்ந்துகொள்வதுண்டு. மலைநாட்டில் நீர் விரைவிற் கொதிப்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அமுக்கம் குறைந்தால் எந்தத் திரவமும் எளிதில் ஆவியாகும். பெற்றோல் மண்ணெண்ணெயைவிட மிக எளிதில் ஆவியாகும் பொருள். மேலே போகும்போது குழாயிலும் பம்பியிலும் அது குமிழியிட்டால், எஞ்சினுக்குத் திரவம் சேராது. தாங்கி நிறைய எரிபொருளிருந்தும் எஞ்சின் பட்டினியால் நின்றுவிடும். எரிபொருளை மாற்றினால் உயரத்தின் எல்லையும் மாறக்கூடும் என்பதன் காரணம் இதுவே.

குளிரோ இதற்கு எதிரான துன்பத்தைத் தரும். உலகிற் பெரும்பாலும் வழங்கும் ஜெற் ஏ-1 என்னும் எரிபொருள் சுழியத்துக்குக் கீழ் 47 பாகை வரை உறையாது; அமெரிக்காவில் வழங்கும் ஜெற் ஏ, 40 பாகை வரை மட்டுமே தாங்கும். எரிபொருளிற் கரைந்திருக்கும் சிறிதளவு நீர் அதற்கு வெகு முன்னரே பனித்துகளாகி வடிகட்டியை அடைத்துவிடலாம். அதனைத் தடுக்கக் கலக்கவேண்டிய மருந்தையும் கைந்நூல் கூறும். கனடாவின் வடபகுதி போன்ற கடுங்குளிர் நாடுகளில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலந்த வகையொன்று வழக்கிலிருந்தது. குளிரில் நன்றாகப் பற்றும். ஆனால் விபத்திலும் நன்றாகப் பற்றும். அமெரிக்க விமானப்படை 1951 முதல் இதையொத்த கலவையைப் பயன்படுத்தி, தீயின் கொடுமையை வியட்நாம் போரிற் கண்டு, 1990களில் மண்ணெண்ணெய் வகைக்கே முற்றாக மாறியது.

உயரமும் குளிரும் எஞ்சினுக்குச் செய்வதை 1972ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி பிரெஞ்சு விமானி ஜான் பூலே நேரிற் கண்டார். இமயத்தின் தேவைக்கென ஆக்கப்பட்ட லாமா என்னும் ஊர்தியில் அவர் 12,442 மீற்றர் உயரத்தை எட்டினார். இறங்குவதற்காக வலுவைக் குறைத்ததும் எஞ்சின் அணைந்துவிட்டது. கீழிருந்து எழும் காற்றினால் அலகுகள் தாமே சுழல, சிறகுள்ள காட்டு விதை சுழன்று விழுவதுபோல, எஞ்சினின்றியே நாற்பதினாயிரம் அடியும் இறங்கித் தரையைச் சேர்ந்தார். உயரம் மிகுந்திருந்தது; அமைதியாய்ச் செயற்பட நேரமும் கிடைத்தது.

உயரம் எப்போதும் அவ்வாறு துணைசெய்வதில்லை. அமெரிக்காவில் ஆக்கப்படும் ரொபின்சன் ஆர்-44 என்ற சிறு ஹெலிகொப்டரின் கைந்நூலில் இரண்டு உயர எல்லைகள் உண்டு. காற்றின் அடர்த்தியைக் கொண்டு கணித்த 14,000 அடி ஒன்று. தரையிலிருந்து 9,000 அடி என்பது மற்றது. இந்த இரண்டாவது எல்லைக்கும் ஐதான காற்றுக்கும் தொடர்பில்லை. தீப்பற்றினால் ஐந்து நிமிடத்திற்குள் தரையில் இறங்கிவிடவேண்டும் என்பதே அதற்குக் காரணமென்று கைந்நூலே கூறுகின்றது. உயரத்தின் எல்லையை இங்கே வகுத்தது எரிபொருளின் தீ.

அதே ஊர்தியின் பழைய எரிபொருட் தாங்கிகள் அலுமினியத் தகட்டால் ஆனவை. விழுந்த அதிர்ச்சியில் உயிர்தப்பக் கூடியவர்களும் தாங்கி கிழிந்து எழுந்த தீயில் மாண்டதுண்டு. ஆகவே தாங்கியின் உள்ளே கிழியாத பையொன்றைப் பொருத்துமாறு நிறுவனம் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. பின்னர் அதற்கு 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி கடைசி நாளென்று குறித்தது. அந்த நாளுக்கு முந்திய மார்ச் மாதத்தில், அவுஸ்திரேலியாவின் புல்லி டொப்ஸ் என்னுமிடத்தில், பை பொருத்தப்படாத ஆர்-44 ஒன்று தாழ்வாகப் பறக்கையில் மரக்கிளையில் மோதி வீழ்ந்து தீப்பற்றியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அதன் பின்னர் அந்நாட்டு அதிகாரிகள் அம்மாற்றத்தைச் சட்டத்தாற் கட்டாயமாக்கினர்.