அக்காள் கட்சியும் தம்பி கட்சியும்

(நாகபுரியில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "அரசியல் மட்டும் வேண்டாம், சங்கத்திலே எல்லாக் கட்சியாரும் இருக்கிறார்கள்" என்று எச்சரித்தார். ஆகவே நான் அரசியல் பேசப்போவதில்லை. அரசியலை வைத்துக்கொண்டு உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் அழகைப் பற்றியே பேசப்போகிறேன். இரண்டும் வேறு என்பதைச் செயலாளர் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

திருச்சி பொன்மலை இரயில்வே குடியிருப்பிலே நாங்கள் வளர்ந்தோம். அக்காள், நான், தம்பி என மூவர். வீட்டுக்கு வருவது ஒரே பத்திரிகை. தந்தையார் படித்து முடித்ததும் அது மூன்றாகப் பிரியும். முதற்பக்கம் தம்பிக்கு, தலையங்கப் பக்கம் அக்காளுக்கு, நடுவிலே பிறந்த எனக்கு வரி விளம்பரங்கள். திருச்சியில் எந்தத் தெருவில் என்ன வாடகை என்பது எனக்கு அக்காலத்தில் மனப்பாடம்.

1996 முதல் 1999 வரை மக்களவைக்கு மூன்று தேர்தல்கள் நடந்தன. கேலிக்குப் பஞ்சமில்லாத காலம் அது. 1996-இல் வாஜ்பாய் அமைச்சரவை 13 நாளில் விலகியபோது தம்பி முகம் வாடியிருந்தான். "பொன்மலைக்கு வந்த சர்க்கஸ்கூட ஒரு மாதம் தங்கிற்றே!" என்றாள் அக்காள். அடுத்த ஆண்டிலே தேவ கௌடா போய்க் குஜ்ரால் வந்தார். அவரும் அவ்வாண்டிலேயே விலகினார். "அக்கா, உன் சர்க்கஸிலே கூடாரத்தைவிட முதலாளியல்லவா அடிக்கடி மாறுகிறார்!" என்று தம்பி வட்டியோடு திருப்பிக் கொடுத்தான். 1999 ஏப்ரல் 17-ஆம் நாள், 269-க்கு 270 என ஒரே வாக்கில் மத்திய அரசு கவிழ்ந்தது. அன்றிரவு உப்புமாவா தோசையா என்று வீட்டிலே வாக்கெடுப்பு. இரண்டுக்கு ஒன்றாகத் தோசை தோற்றது. "அரசாங்கமே ஒரு வாக்கில் கவிழும்போது என் தோசை கவிழ்வதா பெரிது?" என்று பெருமூச்சுவிட்டான் தம்பி. தாயார் சிரித்த சிரிப்பில் உப்புமா அடிப்பிடித்தது.

பிறகு நான் இரயில்வேயில் சேர்ந்தேன். அன்றுமுதல் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் இரயில்வே மந்திரி "என் மந்திரி" ஆகிவிட்டார். வரவுசெலவுத் திட்ட நாளன்று மாலையே அக்காள் தொலைபேசியில் அழைத்து, "உன் மந்திரி மதுரைக்கு என்ன வண்டி விட்டார்?" என்று கணக்குக் கேட்பாள், நானே பச்சைக்கொடி பிடித்து நிற்பதுபோல. 2017-இலிருந்து இரயில்வே வரவுசெலவுத் திட்டம் பொதுத் திட்டத்தோடு இணைந்துவிட்டது. நாட்டுக்கு அதனால் வந்த நன்மையை அறிஞர்கள் சொல்லட்டும். எனக்கு ஆண்டுக்கு ஒரு சண்டை நட்டம்.

இப்போது அக்காள் மதுரையில், தம்பி ஐதராபாத்தில், நான் இங்கே. எங்களை இணைக்க வந்தது கைப்பேசியிலே வாட்ஸ்அப் குழு. அங்கேதான் வினை தொடங்கிற்று. எவனோ எழுதிய ஏளனம் ஒன்றைத் தம்பி அனுப்பினான். வேறெவனோ எழுதிய வசை ஒன்றை அக்காள் பதிலாக அனுப்பினாள். ஒன்றிலே ஒரு கட்சிக்காரர் எல்லாரும் துரோகிகள். மற்றதிலே மறு கட்சிக்காரர் எல்லாரும் மூடர்கள். அவற்றை எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியுமா? தன் வளையலை அடகுவைத்துத் தம்பியின் தொழிற்பயிற்சிக்குக் கட்டணம் கட்டியவள் அக்காள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அக்காள் குழுவைவிட்டு விலகினாள். பதினொரு மாதம் இருவருக்கும் பேச்சில்லை.

நமது ஊரிலே இரயில்வேக்கு இரண்டு கோட்டங்கள் இருப்பதை அறிவீர்கள். ஒன்று மத்திய இரயில்வேயுடையது. மற்றொன்று தென்கிழக்கு மத்திய இரயில்வேயுடையது. வண்டி தாமதித்தால், "உங்கள் எல்லையிலே படுத்துக்கொண்டது" என்று இருதரப்பு எழுத்தர்களும் தேநீர்க்கடையில் வாரிக்கொள்வோம். ஒருவரும் தேநீரைப் பாதியில் வைத்து எழுந்து போனதில்லை. பேசுவது அவரவர் வாய். எதிரே தெரிவது நண்பன் முகம். எங்கே நிறுத்த வேண்டுமென்று அம்முகமே சொல்லிவிடும். அனுப்பிவைத்த ஏளனத்துக்கு ஏது முகம்?

2024 தொடக்கத்தில் தாயாருக்குக் கண்ணிலே அறுவைச் சிகிச்சை. மூவரும் திருச்சிக்குச் சென்றோம். அக்காள் கட்டிலின் தலைமாட்டில், தம்பி சன்னலோரத்தில், நடுவே நான். கண்ணிலே கட்டுடன் படுத்திருந்த தாயார் சிறிதுநேரம் செவிசாய்த்திருந்துவிட்டு என் கையைப் பற்றி, "நீ ஒருவன்தான் வந்தாயா? அவர்கள் இருவரும் வரவில்லையா?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தம்பிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்திருக்கிறோம் அம்மா. எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றான். "சபாநாயகர் நடுநிலையாக இருந்தால் எதிர்க்கட்சி ஏன் வெளிநடப்புச் செய்கிறது?" என்றாள் அக்காள். குரல் மட்டும் கம்மியிருந்தது.

அவ்வாண்டு சூன் 4-ஆம் நாள் தேர்தல் முடிவு வந்தது. பெரும்பான்மைக்கு 272 வேண்டும். ஆளுங்கட்சிக்குத் தனித்துக் கிடைத்தவை 240. இரவு மூவரும் ஒரே தொடர்பில் பேசினோம். "தனியாகவே பொங்குவோம் என்றவர்கள் இப்போது பக்கத்துவீட்டிலே அரிசி கடன் வாங்குகிறார்களாமே?" என்று தொடங்கினாள் அக்காள். "கடன் வாங்கியாவது உலை வைத்துவிட்டோம் அக்கா, உன் வீட்டிலே அடுப்புக்கு யார் தலைவர் என்பதே முடிவாகவில்லையே!" என்றான் தம்பி.

நாற்பது நிமிடம் ஓடிற்று அப்பேச்சு. நடுவிலே ஒருமுறை நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ வரி விளம்பரம் படி!" என்று இருவரும் ஒரே குரலில் அடக்கிவிட்டார்கள்.