நின்று நின்றே பழுதாகும் நடமாடும் வீடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு ஒரு பழைய வண்டியைப் பற்றியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, கழிவறை என்று ஒரு குடும்பமே தங்கிப் பயணம் போகும் மோட்டார்ஹோம். இந்த வண்டி அதிகமாகப் புழங்குவது அமெரிக்காவில். அங்கே கொல்லைப்புறங்களில் தார்ப்பாய் போர்த்தியபடி பத்து, இருபது ஆண்டுகளாக நிற்கும் வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, மீண்டும் நெடுஞ்சாலைக்குக் கொண்டு வருவோர் பலர். விற்பவர் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "அதிகம் ஓடாத வண்டி." வாங்குபவர் அதைக் கேட்டு மகிழ்ந்து போகிறார். அது மகிழ வேண்டிய செய்திதானா?

காரும் லாரியும் ஓடித் தேய்கின்றன. மோட்டார்ஹோமோ நின்றே கெடுகிறது. டயர் வெடிப்பு விடுகிறது. தொட்டியில் கிடந்த பெட்ரோல் பிசினாகிறது. எலி மின்கம்பியைக் கடித்து வைக்கிறது. கூரையில் ஊசி முனை அளவு இருந்த கசிவு, தரைப் பலகை வரை இறங்கி அதை உளுத்துப் போகச் செய்கிறது. மைல் கணக்கைப் பார்த்து வாங்கியவர் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. வாங்கிய மறுநாளே திரைச்சீலைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகிறார்!

எல்லா வண்டிகளையும் பேசினால் நேரம் போதாது. ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டால் விளங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரையிலான மாடல் ஆண்டுகளில் ஜிஎம்சி மோட்டார்ஹோம் என்ற வண்டியை விற்றது. 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்கள். மொத்தத்தில் 13,000க்குச் சற்றுக் குறைவான வண்டிகள். 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டிரைப்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் இராணுவ வண்டி வேடம் போட்டு வந்ததும் இதுதான்.

மற்ற நிறுவனங்கள் பல, லாரியின் அடிச்சட்டத்தின் மேல் பெட்டி போன்ற வீட்டைத் தூக்கி வைத்து விற்ற காலம் அது. ஜிஎம்சியின் அமைப்பு வேறு. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ என்ற சொகுசுக் காரின் என்ஜினும் கியர்பெட்டியும் முன்னால் அமர்ந்தன. முன் சக்கரங்களே வண்டியை இழுத்தன. பின்பக்கம் ஒவ்வொரு புறமும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டிரண்டு சக்கரங்கள். அவற்றின் மேல் பாரத்தைத் தாங்குவது இரும்பு ஸ்பிரிங் அல்ல, காற்றுப் பை. மேல்கூடு அலுமினியமும் கண்ணாடி இழையும் என்பதால் மரச்சட்டம் வைத்த வண்டிகளைப் போல அது உளுத்துப் போகவில்லை. உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் சிறு பட்டறைகளும் இருக்கின்றன. ஐம்பது ஆண்டு ஆகியும் இந்த வண்டியைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கும் காரணம் இதுதான்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

வண்டியை வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது சாவியைத் திருகி என்ஜினை உசுப்பிப் பார்ப்பது. என்ஜின் உறுமி விட்டால் வண்டி தயார் என்று முடிவு கட்டி விடுகிறார்கள். எட்டு சிலிண்டர் என்ஜின். அது எளிதில் சாவதில்லை. ஏறத்தாழ ஐந்து டன் எடையை அது இழுத்துக் கொண்டு போய்விடும். அந்த ஐந்து டன்னை நிறுத்தப் போவது எது?

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 பாகையாக இறங்கி விடுகிறது. சமதரையில் இது தெரியாது. நீண்ட மலையிறக்கத்தில் மிதித்துக் கொண்டே வரும்போது எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. கெந்திங், கேமரன் மலைச் சாலைகளில் இறங்கியவர்களுக்குக் குறைந்த கியரில் இறங்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை நினைவிருக்கும். அமெரிக்காவின் ராக்கி மலைச் சாலைகளிலும் அதே எச்சரிக்கை உண்டு.

ஆகவே பழைய எண்ணெயை முழுவதும் வெளியேற்றிப் புதிது நிரப்புவது முதல் வேலை. அதோடு முடிவதில்லை. சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்கள் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது எண்ணெய் உள்ளே போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுற்றிச் சூடேறும். பின்பக்க நான்கு சக்கரங்களும் டிரம் பிரேக். அங்கே உள்ள சிறு சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். நான்கில் இரண்டு வேலை செய்யாவிட்டாலும் ஊருக்குள் ஓட்டும்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் ஆபத்து. குழாய், சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றி விடுவதே மேல். இதில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமே அல்ல.

அடுத்தது டயர். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்து மகிழ்வோர் உண்டு. ஓடாத டயரில் பள்ளம் எப்படித் தேயும்? பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது; அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பத்து ஆண்டைத் தாண்டிய டயரில் ஒரு குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

ஜிஎம்சியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது பிறந்தபோது 16.5 அங்குல ரிம்மோடு பிறந்தது. அந்த அளவு டயர் இன்று கிடைப்பது அரிது. அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை அந்த ரிம்மில் ஏற்றக் கூடாது. அந்த அளவுகளின் விளிம்புச் சரிவு வேறு. காற்றடிக்கும்போதே டயர் வெடித்து ஆளைக் கொல்லக் கூடியது. உரிமையாளர்கள் ரிம்மையும் சேர்த்து 16 அங்குலத்துக்கு மாற்றி விடுகிறார்கள்.

காற்றுப் பையும் ரப்பர்தான். அது வெடித்தால் வண்டியின் பின்பகுதி ஒரே நொடியில் தரையை நோக்கி இறங்கும். அடியில் ஒருவர் படுத்து வேலை செய்து கொண்டிருந்தால்? காற்றுப் பையை நம்பியோ, ஜாக்கியை மட்டும் நம்பியோ யாரும் அடியில் போகலாகாது. சட்டத்தின் கீழே இரும்புத் தாங்கிகள் நிற்க வேண்டும். வயதான மெக்கானிக்குகளைக் கேட்டால் இதை முதலில் சொல்வார்கள்.

தூங்குகிறவர்களின் உயிர்

காரில் தீப்பிடித்தால் ஆளுக்கொரு கதவைத் திறந்து குதிக்கலாம். இந்த வண்டியிலோ ஒரே கதவு, வலப்பக்கத்தில். என்ஜின் இருப்பது முன் இருக்கைகளுக்கு இடையே, ஒரு மூடிக்குக் கீழே. பின்னால் கட்டிலில் பிள்ளைகள். தீ முன்னால் தொடங்கினால் அவர்கள் எப்படி வருவார்கள்?

தீ தொடங்கும் இடம் பெரும்பாலும் பெட்ரோல் குழாய். 1970களில் செய்த ரப்பர், இன்று அமெரிக்க பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. இறுகி, வெடித்து, சூடான என்ஜின் மேல் சொட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் குழாயை மாற்றி விட்டு நிம்மதி அடைகிறார்கள். தொட்டிகளின் மேற்பக்கம் இருக்கும் குழாய்கள், தொட்டியைக் கீழே இறக்கினால் தவிரக் கைக்கு எட்டுவதில்லை. அழுக்கான வேலை, ஒரு முழு நாளை விழுங்கும். ஆனாலும் இறக்கத்தான் வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே அதைக் கண்டுபிடிக்கும் கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல; மணமும் கிடையாது. ஜெனரேட்டரின் புகை, ஓட்டை விழுந்த சைலன்சரின் புகை, உள்ளே எரியும் அடுப்பு, எல்லாவற்றிலும் அது வரும். தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அதற்கான கருவி படுக்கும் இடத்தருகே தனியே வேண்டும். இந்தக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். பழைய வண்டியோடு வந்த கருவி விளக்கு எரிகிறது என்பதற்காக அதை நம்ப வேண்டாம். தோம்பின் ரெகுலேட்டர், குழாய் மூட்டுகள் ஆகியவற்றைச் சோப்பு நீர் பூசிச் சோதிப்பது பழைய முறைதான். இன்றும் பலன் தருகிறது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் தனியார் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. மலேசியாவில் புஸ்பாகோம், சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையங்கள் என்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எண் பலகை மாட்டியிருப்பதால் வண்டி பத்திரமானது என்று பொருளில்லை. பார்க்க வேண்டியவர் உரிமையாளர் ஒருவரே.

புதுமை சேர்க்கும் ஆசை

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வண்டியை இன்றைய காலத்துக்கு ஏற்றதாக்கும் பேச்சு. எல்இடி விளக்கு மாற்றுவது எளிது, மின்சாரமும் மிச்சம். ஏர்கோனில் இருந்த பழைய ஆர்-12 வாயு 1995க்குப் பிறகு அமெரிக்காவில் தயாரிக்கப்படவில்லை. வேறு வாயுவுக்கு மாற்ற வேண்டுமானால் எண்ணெயும் ரப்பர் வளையங்களும் கூட மாற வேண்டும். எரிவாயுச் சுடரில் ஓடும் பழைய ஐஸ் பெட்டியை எடுத்து விட்டு 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் வகையை வைப்பது நல்ல மாற்றம். வண்டிக்குள் எரியும் சுடரில் ஒன்று குறைகிறதே!

லித்தியம் பேட்டரி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடை குறைவு, சேமித்த மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது மின்சாரத்தை வேகமாகக் குடிக்கும். 1970களின் ஆல்டர்னேட்டரோடு நேரே இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இடையில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். வண்டியோடு வந்த பழைய சார்ஜரையும் கழற்றி எறிய வேண்டும். உறைபனிக் குளிரில் அந்தப் பேட்டரிக்கு மின்னேற்றினால் அது கெடும். பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பிக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லையென்றால், புதுமை சேர்த்தவர் தீக்கு இன்னொரு வாசல் திறந்தவர் ஆகிறார்.

தரைப் பலகை மட்டும் ஒரு வார்த்தை. ஜிஎம்சியின் கூடு உளுக்காது என்றாலும் தரை பிளைவுட். கதவோரம், கழிவறை ஓரம் காலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இறங்கும். கூரைக் காற்றுத் துவாரங்களைச் சுற்றியுள்ள பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதிது போடாமல் தரையை மாற்றுவது வீண் செலவு.

கடைசியில் வெள்ளோட்டம். தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி முதலில் எடை மேடைக்குப் போக வேண்டும். டயரில் அடிக்கும் காற்றின் அளவை அந்த எடைதான் தீர்மானிக்கும். பிறகு வீட்டைச் சுற்றி 15 கிலோமீட்டர். நிறுத்தி, அடியில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்து, ஆறு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் வெப்பம் காட்டும் கருவியைப் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை, அல்லது பேரிங் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக் பிடிக்கவே இல்லை. எதுவானாலும் மீண்டும் தாங்கியில் ஏற்ற வேண்டியதுதான். அடுத்த முறை 80 கிலோமீட்டர். திரும்பியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். மூன்றாவது முறை, ஒரு குன்றில் ஏறி இறங்கி வரட்டும். அதுவும் சரியாக இருந்தால் அன்று மாலை திரைச்சீலைக்கு அளவு எடுக்கலாம்.